கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில், மாமியார் சொல்கிறாரே என்று திருவருகைக்கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பு, இருக்கணுமா?

வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஒருசந்தி கட்டாயமான நாள்கள் இரண்டுதான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி.

உங்கள் மாமியார் திருவருகைக்காலத்தைத் தவக்காலத்தோடு (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) குழப்பிக்கொண்டிருக்கலாம். இரண்டிலும் சாமியார் ஊதா உடைதானே போடுகிறார். திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறு பூசைக்கு அழைத்துப் போய், திருவருகை வளையத்தில் ரோஸ் நிற மெழுகுத்திரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது மகிழ்ச்சி ஞாயிறு.

குழந்தைத் துணி முன்கூட்டியே வாங்கக் கூடாது என்று அவர் சொல்வது ஊர் வழக்கம், திருச்சபை விதி இல்லை. பழைய பருத்திச் சேலை இரண்டைத் துவைத்துக் காயவைத்து மடித்து வையுங்கள், அதற்கு அவரே மறுக்க மாட்டார். மரியா கர்ப்பமாயிருந்த உறவினர் எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியதாக லூக்கா எழுதுகிறாரே, அதையும் அவர் காதில் போட்டுவையுங்கள்.

ஒன்று மட்டும்: அவர் சீரோ மலபார் (கேரளத்தின் கிழக்கு வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்) குடும்பம் என்றால், அங்கே டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு உண்டு. அப்போதும் பட்டினி கிடக்காதீர்கள், பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.