அமெரிக்காவில் வரிச்சலுகைத் திட்டக் குடியிருப்பு நடத்தும் தொண்டு நிறுவனத்தில் விண்ணப்பச் சரிபார்ப்பு வேலை: எங்கே அதிகம் தவறு நேர்கிறது?

வருமானம் வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு தருவதற்காக உரிமையாளருக்கு வரிச்சலுகை தரும் திட்டம் இது. தவறு பெரும்பாலும் வருமானக் கணக்கில்தான். பார்க்க வேண்டியது போன வருட வரித்தாள் அல்ல. அடுத்த 12 மாதங்களில் வரக்கூடிய, பிடித்தத்துக்கு முந்தைய மொத்த வருமானம். இரு வாரச் சம்பளத்தை 26 ஆல் பெருக்க வேண்டும். மாதம் இருமுறை என்றால்தான் 24. 1,400 டாலர் இரு வாரச் சம்பளத்தை 24 ஆல் பெருக்கினால் 33,600. சரியான தொகை 36,400. வருமான வரம்பை ஒட்டி நிற்கும் குடும்பத்துக்கு இந்த 2,800 போதும், தகுதி போய்விடும். சம்பளச் சீட்டில் வருடத் தொடக்கத்திலிருந்து சேர்ந்த தொகையையும் ஒப்பிடுங்கள்; ஓவர்டைம் அங்கேதான் தலைகாட்டும்.

அடுத்தது மாணவர் விதி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால், விதிவிலக்கு ஏதேனும் பொருந்தினாலொழிய வீடு தர முடியாது. வருடத்தில் 5 மாதங்கள் முழுநேரம் படித்தாலே அந்த வருடத்துக்கு முழுநேர மாணவர்தான். படிப்பு முடிந்துவிட்டது என்று விண்ணப்பதாரர் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

வருமானம் போன்றவற்றுக்கு வாங்கும் சான்றுகள் 120 நாளில் காலாவதியாகும். வீடு தயாராவது தள்ளிப்போனால் மறுபடி வாங்குங்கள். பிழை தெரிந்தால் மாநில முகமையின் ஆய்வு அறிவிப்பு வருமுன் திருத்திவிடுங்கள். திருத்தத் தவறினால், அந்த முகமை விதிமீறலை 8823 படிவத்தில் வரித்துறைக்கு எழுதும். வரிச்சலுகை தொடங்கிய முதலாண்டுக் கோப்புகளை அவசரப்பட்டுக் கழிக்கக் கூடாது. திட்ட விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டிய 15 ஆண்டு இணக்கக் காலத்தின் கடைசி ஆண்டுக்கான வரித்தாள் தாக்கல் கெடுவுக்குப் பிறகும் 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.