20×50 மலிவா கிடக்கு, வாங்கலாமா?

கேள்வி: அண்ணன், நாங்க ஆரையம்பதி. வாற பெப்ரவரியில மகளையும் கூட்டிக்கொண்டு அஞ்சு நாள் பறவை பாக்கப் போறம், முதல்ல நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, அங்க இருந்து இறங்கி சிங்கராஜாக் காடு. டவுன் கடை ஒண்டுல 20×50 பைனாகுலர் மலிவா கிடக்கு, இன்னொரு கடையில 8×42க்கு மூணு மடங்கு சொல்றாங்க. இருவது எண்டா எட்டை விட நல்லாத் தெரியும்தானே? வான்காரர் வேற எல்லாம் சேத்து ஒரே தொகை எண்டு சொல்லி பாதிக் காசு முன்னுக்கே கேக்குறார். குடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, அந்த 20×50 வேணவே வேணாம். முதல் நம்பர் எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும் எண்டது, ரெண்டாவது முன் கண்ணாடிட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவதை முதலாவதால பிரிச்சா வாறதுதான் உங்கட கண்ணுக்கு வந்து சேர்ற வெளிச்ச வட்டத்திட அளவு, 50ஐ 20ஆல பிரிச்சா 2.5, 42ஐ 8ஆல பிரிச்சா 5.25. கல்லடிப் பாலத்தில நிண்டு பட்டப்பகல்ல நீர்க்காகம் பாக்கக்குள்ள இந்த வித்தியாசம் தெரியாது, வெயிலுக்கு கண்மணி சுருங்கித்தானே இருக்கும். சிங்கராஜாக்குள்ள காலம எட்டு மணிக்கும் பொழுதுபட்ட மாதிரித்தான் இருக்கும், அங்க கண்மணி விரிஞ்சு நிக்கும், அதுக்கு 2.5 காணாது.

நான் முதல் தரம் போகக்குள்ள கொண்டு போனதும் ஒரு 20×50தான். ஒரேஞ்சுச் சொண்டுச் சிலம்பன் கூட்டம் கீச்சுக்கீச்செண்டு வந்திச்சு, மேல கொண்டைக் கரிச்சான், அதுகளுக்குப் பின்னால செம்முகப் பூங்குயில் எண்டு வழிகாட்டி கையைக் காட்டுறார், நான் பாத்தா கறுப்பு இலையும் ஆடுற கிளையும்தான், இருவது மடங்கு எண்டா கை நடுங்குறதும் இருவது மடங்கு. நான் பறவையைத் தேடிப் புடிக்க முதலே கூட்டம் கடந்து போயிட்டு. அந்தக் கவலை இன்னும் கிடக்கு, அதனாலதான் இவ்வளவு எழுதுறன்.

8×42ஐயும் பெட்டியைப் பாத்து வாங்காதீங்க. கடைக்கு வெளியில கொண்டு வந்து தூரத்துக் கரண்ட் கம்பத்தைப் பாருங்க, ரெண்டாத் தெரிஞ்சாலோ கண்ணை இழுத்தாலோ திருப்பிக் குடுங்க. பிறகு கையை நீட்டிப் புடிச்சு கண் வைக்கிற பக்கத்தைப் பாருங்க, சின்ன வெளிச்ச வட்டம் முழு வட்டமா இருக்கணும், ஓரம் வெட்டுப்பட்டு சதுரம் மாதிரி மங்கலா இருந்தா உள்ளுக்குள்ள வெளிச்சத்தைத் திருப்பி விடுற கண்ணாடிக் கட்டி, பிரிசம் எண்டு சொல்றது, மலிவானது. முன் கண்ணாடி சிவப்பா மின்னுறதையும், சூம் பண்ணுறதையும் எடுக்காதீங்க. தண்ணி போகாதது, நைட்ரஜன் அடைச்சது எண்டு இருந்தா நல்லம், ஏனெண்டா ஹோர்ட்டன் சமவெளிப் பனியில நனைஞ்சு அடுத்த நாளே காட்டுப் புழுக்கத்துக்கு இறங்குறீங்க, உள்ளுக்குள்ள ஆவி படிஞ்சா துடைக்க ஏலாது. கட்டாயம் பில் எடுங்க, கேட்டா குடுக்கத்தான் வேணும், அது சட்டம். பழுதைக் கண்டு கடைக்காரர் கைவிரிச்சா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிங்க, எழுத்து மூல முறைப்பாடு எண்டா வாங்கி மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும்.

வான்காரருக்கு பாதிக் காசு குடுக்க முதல் அந்த "எல்லாம்" எண்டதுக்குள்ள என்னென்ன இருக்கு எண்டு வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்குங்க. ரெண்டு இடத்து டிக்கட்டும், சிங்கராஜா வழிகாட்டிக்கு குடுக்கிறதும், கடைசித் துண்டுக்கு ஜீப் வேணுமெண்டா அதுவும் யார்ட செலவு? லண்டன், கனடாவில இருந்து சொந்தக்காரர் யாரும் சேர்றாங்களா? வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்கு டிக்கட் பலமடங்கு, அதையும் இப்பவே கதைச்சுக்கொள்ளுங்க, நீங்க அடையாள அட்டையை மறக்காதீங்க. இன்னொண்டு, எந்த வாசல் எண்டு பேர் சொல்லிக் கேளுங்க. களவான பக்கம் குடவ, தெனியாய பக்கம் பிட்டதெனிய, ரெண்டும் ஒரே காடுதான், ஆனா ரோட்டால சுத்திப் போனா அரை நாள் போயிடும். நான் குடவதான் சொல்லுவன், பறவைக் கூட்டத்துக்கு பேர் போன பக்கம் அது.

போறது லேசு, செங்கலடிச் சந்தியில ஏறுற அதே ஏ5 வீதிதான் பதுளையால நுவரெலியாவுக்குப் போகுது. அங்க விக்டோரியா பூங்காவில ஆறுமணிக் குருவி பெப்ரவரியிலயும் நிக்கும், காலமயும் பின்னேரமும் போங்க. ஆனா நுவரெலியாவில இருந்து இரத்தினபுரி, களவான, குடவ எண்டு இறங்குற நாள் ரோட்டுலயே முடிஞ்சிடும், அண்டைக்கு பறவை எண்டு மகளுக்கு ஆசை காட்டாதீங்க.

காட்டுக்குள்ள கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைக்கு விலை கூடின மருந்து ஒண்டும் வேணாம். நெருக்கமா நெய்த துணியில முழங்கால் வரைக்கும் சொக்ஸ் மாதிரி தைக்கச் சொல்லி தையல்காரர்ட குடுங்க, களுசானை அதுக்குள்ள விட்டுக் கட்டணும். அளவு குடுக்கக்குள்ள சப்பாத்தையும் கொண்டு போய் போட்டுப் பாருங்க, அந்தத் துணிக்கு மேல போட்டா மகள்ட சப்பாத்து இறுகும்.