மேங்கோவா, மேங்கோஸா? – ஆங்கிலக் கேள்வி பதில்

கேள்வி (காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை): சார், லோடு இறங்கும்போது ரிஜிஸ்டரில் ‘மேங்கோஸ்’ என்கிறோம். ஜூஸ் பாட்டிலின் சேர்மானப் பட்டியலில் வெறும் ‘மேங்கோ’. ஒரே பழம்தானே?

பதில்: லாரியில் இருக்கும்வரை பெங்களூரா மாம்பழத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம்: ‘எ மேங்கோ’, ‘டென் மேங்கோஸ்’. கூழானதும் உருப்படி போய்ச் சரக்குதான் மிஞ்சுகிறது. ‘திஸ் ஜூஸ் ஹாஸ் மேங்கோ இன் இட்’: முன்னால் ‘எ’ இல்லை, பின்னால் ‘ஸ்’ இல்லை. கோழிக்கும் இதே கணக்கு. ‘ஐ ஏட் சிக்கன்’ என்றால் கறி சாப்பிட்டீர்கள். ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்றால் முழுக் கோழியையும் ஒரே ஆளாக முடித்துவிட்டீர்கள். மட்டனில் இந்தத் தொல்லை இல்லை. உயிரோடிருக்கும் ஆட்டுக்கு வேறு பெயர் உண்டே.

நாம் தடுக்கி விழுவது தமிழ்ப் பழக்கத்தால். ‘நாலு மாங்காய் கொண்டா’, ‘குழம்பில் மாங்காய் போட்டியா’ இரண்டிலும் சொல் மாறவில்லை. அஃறிணைக்குக் ‘கள்’ போடாமலே பன்மை புரிகிறது. ஆங்கிலம் அப்படி விடாது.

கேள்வி (பர்கூர்): ‘ஃபைவ் கிரானைட்ஸ்’ என்று பில் போட்டேன். வாங்குபவர் குழம்பிவிட்டார்.

பதில்: ஐந்து ரகம் என்று படித்திருப்பார். சரக்குப் பெயரோடு ‘ஸ்’ சேர்ந்தால் பெரும்பாலும் வகைக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது பலகைக் கணக்கு: ‘ஃபைவ் கிரானைட் ஸ்லாப்ஸ்’. டீக்கடையில் ‘டூ டீஸ்’ என்றால் இரண்டு கிளாஸ், டீத்தூள் வியாபாரியிடம் இரண்டு ரகம். பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பில்லில் அலகை எழுதிவிடுங்கள்.

கேள்வி (ஓசூர்): பயோடேட்டாவில் ‘த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸஸ்’ சரியா?

பதில்: தப்பு. ‘த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’. பன்மை போட்டால் வேலை அனுபவம் போய், வாழ்வில் நேர்ந்த சம்பவங்கள் ஆகிவிடும்.

கேள்வி (பென்னாகரம், பத்தாம் வகுப்பு): பரீட்சை ஹாலில் ‘ஒன் மோர் பேப்பர்’ கேட்கலாமா சார்?

பதில்: ‘ஒன் மோர் ஷீட்’ கேளுப்பா. ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாள், இல்லாவிட்டால் வினாத்தாள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): யானைகள் ராகிக் கொல்லையை மிதித்துவிட்டன. ஆங்கில மனுவில் ‘டேமேஜா’, ‘டேமேஜஸா’?

பதில்: எத்தனை யானை வந்திருந்தாலும் ‘டேமேஜ்’தான்: ‘எலிஃபன்ட்ஸ் காஸ்ட் டேமேஜ் டு ஹாஃப் அன் ஏக்கர் ஆஃப் ராகி’. ‘டேமேஜஸ்’ என்றால் கோர்ட்டு கொடுக்கச் சொல்லும் நஷ்டஈட்டுத் தொகை. வனத்துறையிடம் கேட்பது ‘காம்பன்சேஷன்’. அதற்கும் ‘ஸ்’ வேண்டாம்.