கத்தோலிக்கப் பள்ளி ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக டேப்லெட் அல்லது மடிக்கணினி வழங்குவது சரியா?

வழங்கலாம் என்பதே என் பதில். ஆனால் கருவிகளை வாங்குவதற்கு முன்பே, அவற்றின் வழியாகப் பிள்ளைகளைப் பள்ளி எந்த அளவுக்குக் கண்காணிக்கும் என்பதைப் பெற்றோருடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்க வேண்டும். இத்தகைய பள்ளி ஒன்றில் உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவன் என்ற முறையில், செலவு, பராமரிப்பு முதலிய மற்றெல்லாக் கேள்விகளையும்விட இதுவே பெரியது என்று கருதுகிறேன்.

மதிப்பெண் உயரும் என்ற நம்பிக்கையில் மட்டும் வழங்குவதாக இருந்தால் வேண்டாம். பெரு நாட்டில் ஊரகப் பள்ளிகளுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை. வழங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் சமத்துவம். வீட்டிலிருந்து அவரவர் கருவியைக் கொண்டுவரலாம் என்று விட்டுவிட்டால், யாருடைய வீட்டில் என்ன வசதி என்பது ஒவ்வொரு மேசையின் மீதும் தெரிந்துவிடும். ஏழைகளுக்கு முன்னுரிமை என்று போதிக்கும் திருச்சபையின் பள்ளியில் அது நடக்கக் கூடாது. பள்ளியே வாங்கி, எல்லாருக்கும் ஒரே வகைக் கருவியைக் கொடுப்பதுதான் முறை.

இனி கண்காணிப்புக்கு வருகிறேன். பள்ளிகளுக்கென விற்கப்படும் மேலாண்மை மென்பொருள்கள் பல, தகாத தளங்களைத் தடுப்பதோடு நிற்பதில்லை. மாணவர் ஒவ்வொருவரின் திரையையும் ஆசிரியரின் கணினியில் சிறு கட்டங்களாகக் காட்டுகின்றன. பள்ளி நேரம் முடிந்த பிறகும் தேடல்களைப் பதிவு செய்கின்றன. சில சொற்களைக் கண்டவுடன் எச்சரிக்கை அனுப்புகின்றன. மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாட) ஒப்படைப்புக்காக, இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கிட்டுக்கொண்ட சீடர் யூதாசின் இறப்பைப் பற்றித் தேடிய ஒரு மாணவியின் பெயர், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் என்ற பட்டியலில் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவளை அழைத்து விசாரித்தபோது, தான் என்ன தவறு செய்தோம் என்று தெரியாமலே அவள் மன்னிப்புக் கேட்டாள். அன்று முதல், அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும் ஆசிரியர் எதிரில் இருக்கும் முகங்களைப் பார்ப்பதில்லை என்பதையும் கவனித்து வருகிறேன்.

உண்மையிலேயே துன்பத்தில் இருக்கும் பிள்ளையை அத்தகைய எச்சரிக்கை காப்பாற்றக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அதை முற்றிலும் நீக்கச் சொல்லாமல், யார் பார்ப்பது, எந்த நேரத்தில் பார்ப்பது, எத்தனை நாள் சேமிப்பது என்று எழுத்தில் வரையறுக்கச் சொல்கிறேன். மனச்சான்றை உருவாக்குவதையே தன் பணியாகச் சொல்லும் பள்ளி, யாரோ பார்க்கிறார்கள் என்ற அச்சத்தில் மட்டும் ஒழுங்காக நடக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர்த்துவிடக் கூடாது. 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸை, இதைப் பற்றிப் பெற்றோருடன் பேசும் கூட்டங்களில் யாராவது கட்டாயம் நினைவுகூர்வார்கள். நற்கருணைப் புதுமைகளுக்கு, அதாவது திருப்பலி அப்பம் தொடர்பாகச் சொல்லப்படும் அற்புதங்களுக்கு, இணையதளம் அமைத்து, 15 வயதில் இறந்த அந்த இளைஞர், காணொளி விளையாட்டுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தாமே எல்லை வகுத்துக்கொண்டதாக அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அவரை முன்மாதிரியாகக் காட்டும்போது, அந்த எல்லையை அவரே வகுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று, கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை கூறுகிறது. ஆகவே பள்ளி கொடுத்த கருவியை இரவில் எத்தனை மணிக்கு மூடி வைப்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். அவர்கள் தீர்மானிக்க முடியாதபடி இரவு பத்து மணிக்கு மேல் ஒப்படைப்புகளை அனுப்பும் வழக்கத்தை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே தேவையில்லை. கருவி வகுப்பறை அலமாரியில் இருந்தால் போதும். கடைசியாக, உடைந்தால் பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பதையும் பெற்றோர் கையெழுத்திடும் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். செலுத்த முடியாத குடும்பத்துக்கு விலக்கு உண்டு என்ற வரியையும், அதை யாரிடம் தனியாகக் கேட்கலாம் என்பதையும் அதே பக்கத்தில் சேருங்கள்.