கிரிப்டோ செயலிப் போட்டிகளில் பரிசுப் பணம் நியாயமாகப் பிரிகிறதா?

கிரிப்டோ நிறுவனங்கள் செயலி உருவாக்குநர்களுக்காக நடத்தும் போட்டிகளில் பரிசு நியாயமாகப் பகிரப்படுகிறதா, மலேசியாவிலிருந்து சிறு குழுவாகக் கலந்துகொண்டால் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேறும். ஆனால் நியாயம் எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கும் நான், இத்தகைய போட்டிகளில் போட்டியாளர் வரிசையிலும் நடுவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். தோற்றவர்கள் பெரும்பாலும் நடுவர்களைத்தான் திட்டுகிறார்கள். என் கணிப்பில், பரிசுத் தொகையை எந்தச் சூத்திரப்படி பிரிப்பது என்று அமைப்பாளர்கள் எழுதிவைக்கும்போதே பாதி அநியாயம் நடந்து முடிந்துவிடுகிறது.

இதை விளக்க, இப்போது ஸ்டாக்ஸ் என்று அழைக்கப்படும் பிளாக்ஸ்டாக் என்ற பிளாக்செயின் தளம், தன்மேல் கட்டப்படும் செயலிகளுக்காக 2018ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ‘ஆப் மைனிங்’ திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓரிரு நாளில் முடிந்துபோகும் ஹேக்கத்தான் எனும் நிரலாக்கப் போட்டியைப் போலன்றி, மாதந்தோறும் செயலிகளைத் தரவரிசைப்படுத்தி மாதந்தோறும் பணம் கொடுத்தார்கள். தரவரிசையையும் தாங்களே தீர்மானிக்காமல், புராடக்ட் ஹண்ட் (புதிய செயலிகளை அறிமுகப்படுத்தும் தளம்), டிரைமையூஐ (பயனர்களை வைத்துச் செயலிகளைச் சோதிக்கும் நிறுவனம்), டெமாக்ரசி எர்த் (இணைய வாக்களிப்பு அமைப்பு) போன்ற வெளியாரிடம் மதிப்பெண் வாங்கினார்கள். அந்த அளவுக்கு அது பாராட்டத்தக்க ஏற்பாடுதான். பணம் பிரிந்த விதத்தைப் பாருங்கள்: மொத்தத் தொகையில் 20 விழுக்காடு முதலிடத்துக்கு, மீதமுள்ளதில் 20 விழுக்காடு இரண்டாமிடத்துக்கு, அதன் பிறகும் மீதமுள்ளதில் 20 விழுக்காடு மூன்றாமிடத்துக்கு, இப்படியே கடைசி வரை. மொத்தம் 100,000 டாலர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதலிடத்துக்கு 20,000 டாலர், ஐந்தாமிடத்துக்கு 8,192, பத்தாமிடத்துக்கு ஏறத்தாழ 2,684, இருபதாமிடத்துக்கு 288, முப்பதாமிடத்துக்கு 31 டாலர் வருகிறது. முதல் ஐந்து செயலிகளே 67 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. முப்பதாமவர் அந்த மாத இணையக் கட்டணத்தைக் கட்டிக்கொள்ளலாம்.

சிறந்த படைப்புக்கு அதிகம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. இவ்வளவு செங்குத்தான சரிவைத் தாங்கும் அளவுக்கு மதிப்பெண்கள் துல்லியமாக இருக்கின்றனவா என்பதுதான் என் கேள்வி. கோலாலம்பூரில் பங்சார் சவுத் பகுதியில் நடந்த ஒரு போட்டியில் நடுவர்களில் ஒருவனாக இருந்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். புதுமை, தொழில்நுட்பம், வடிவமைப்பு, பயன்பாடு என்று நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம். மதிய உணவுக்குப் பிறகு எல்லாத் தாள்களிலும் ஏழும் எட்டுமாகவே விழத் தொடங்கின. என் பக்கத்தில் இருந்தவருக்கு ஏழு என்றால் ‘நன்று’. எதிரே இருந்தவருக்கு ஏழு என்றால் ‘போனால் போகட்டும்’. கூட்டிப் பார்த்தபோது மூன்றாமிடத்துக் குழுவுக்கும் ஒன்பதாமிடத்துக் குழுவுக்கும் இடையே நாற்பதில் இரண்டே மதிப்பெண்தான் வித்தியாசம். அதில் ஒரு குழு, அரங்கத்து வைஃபை துண்டிக்கப்பட்டதால் தன் செயலியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த இரண்டு மதிப்பெண்ணை மேற்சொன்ன சூத்திரத்தில் போட்டால், 12,800 டாலருக்கும் 3,355 டாலருக்கும் உள்ள வித்தியாசமாக அது வெளியே வருகிறது.

பிளாக்ஸ்டாக் ஒவ்வொரு மதிப்பீட்டாளரின் மதிப்பெண்களையும் அவரவர் சராசரியை வைத்துச் சமன்செய்தே சேர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தாராளமான கையையும் கஞ்சக் கையையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும். ஐந்து நிமிடத்தில் யாராலும் அளக்க முடியாததை அதனால் அளந்து காட்ட முடியாது. அந்தத் திட்டம் 2020இல் நிறுத்திவைக்கப்பட்டது.

நடுவர்களே வேண்டாம், பயனர்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்வோருக்கு, திறந்த மூல மென்பொருள் திட்டங்களுக்கு நிதி திரட்டும் கிட்காயின் தளம் பயன்படுத்திய இருபடி நிதிமுறை ஒரு பதில். எத்தீரியம் பிளாக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரினும், பொருளியலாளர்களான ஸோயி ஹிட்ஸிக், கிளென் வெயில் ஆகியோரும் 2018இல் முன்வைத்த யோசனை அது. ஒவ்வொருவர் கொடுத்த நன்கொடைக்கும் வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மறுபடி வர்க்கப்படுத்தி, அதன் அளவுக்கு ஏற்பப் பொது நிதியைப் பிரிக்க வேண்டும். ஒருவரே 100 ரிங்கிட் கொடுத்தால் கிடைக்கும் எண் 100. நூறு பேர் ஆளுக்கு ஒரு ரிங்கிட் கொடுத்தால் 10,000. பணக்காரர் ஒருவரைவிட ஆதரவாளர்கள் பலர் இருப்பதற்கு மதிப்புக் கூடுகிறது என்பதால் அழகான கணக்குதான். ஆனால் ஒருவரே நூறு போலிக் கணக்குகளைத் திறந்து ஆளுக்கு ஒரு ரிங்கிட் என்று போட்டாலும் அதே 10,000தான் வரும். அதைத் தடுக்கத் தனியாக அடையாளச் சரிபார்ப்பு ஏற்பாடு ஒன்றையே கிட்காயின்காரர்கள் கட்ட வேண்டி வந்தது. போலிகளை ஒழித்த பிறகும், ஏற்கெனவே கூட்டம் சேர்த்து வைத்திருப்பவருக்கே இந்த முறை சாதகம். வாக்கெடுப்பு முறைக்கும் இதே சிக்கல்தான்: எத்தீரியத்தின் மேல் இயங்கும் ஆப்டிமிசம் வலைப்பின்னல், ஏற்கெனவே பயன் தந்த திட்டங்களுக்கு வாக்கெடுப்பின்படி பணம் தரும் பின்னோக்கிய நிதியளிப்பை நடத்தியது; அதன் மூன்றாம் சுற்றில் 600க்கும் மேற்பட்ட திட்டங்கள் வரிசையில் நின்றன. அத்தனையையும் ஒரு வாக்காளர் பொறுமையாகப் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது நேரம். இறுதிச் சுற்று கலிபோர்னியாவில் காலை பதினொரு மணி என்றால் இங்கே விடியற்காலை இரண்டோ மூன்றோ மணி. அந்த நேரத்தில், அதுவும் ஆங்கிலத்தில், சுறுசுறுப்பாகப் பேசிக் காட்ட வேண்டும். இரண்டாவது, பரிசு எந்த நாணயத்தில் வருகிறது என்பது. பட்டர்வொர்த்தைச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு போட்டியில் வென்றான். பரிசு அந்த அமைப்பாளரே வெளியிட்ட கிரிப்டோ நாணயமான சொந்த டோக்கனில், மாதக்கணக்கில் பூட்டப்பட்டு வந்தது. பூட்டு திறந்தபோது அறிவித்த மதிப்பில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. அதை ரிங்கிட்டாக்குவதும் எளிதாக இல்லை. 2019 ஜனவரி 15 முதல் மின்னிலக்க நாணயங்களும் டோக்கன்களும் மலேசியாவின் மூலதனச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷனின் கண்காணிப்பில் வருகின்றன. இங்கே பதிவு பெற்ற சந்தைகளில் அனுமதிக்கப்பட்ட சில நாணயங்களை மட்டுமே விற்க முடியும். ஆகவே சின்னத் திட்டத்தின் டோக்கனை முதலில் வெளிநாட்டுச் சந்தையில் பிட்காயினாகவோ எத்தீரியத்தின் நாணயமான ஈதராகவோ மாற்றி, பிறகு இங்கே கொண்டுவந்து விற்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கட்டணம் போகும். (எத்தீரியம் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்க அந்த உலகமே நம்பியிருக்கும் ஈதர்ஸ்கேன், கிரிப்டோ விலை பார்க்கும் காயின்கெக்கோ ஆகிய தளங்கள் இரண்டும் மலேசியாவில் பிறந்தவை என்பதை நினைத்தால் இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.)

ஆகவே நீங்கள் கலந்துகொள்வதற்கு முன் விதிமுறையில் பரிசுத் தொகையின் பெரிய எண்ணைத் தாண்டிப் பத்தாமிடத்துக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். டாலருக்கு இணையாக நிற்கும் நாணயத்தில் தருகிறார்களா, நடுவர்களின் தனித்தனி மதிப்பெண்களை வெளியிடுகிறார்களா, இடையில் சூத்திரத்தை மாற்றும் உரிமையைத் தங்களிடமே வைத்திருக்கிறார்களா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். குறிப்பிட்ட தரத்தைத் தொட்ட அனைவருக்கும் ஒரே தொகையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் தரவரிசைப்படி பிரிக்கும் போட்டியைக் கண்டால் தயங்காமல் பெயர் கொடுங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், இன்ன பிழையைத் திருத்தினால் இவ்வளவு, இன்ன கருவியைக் கட்டினால் இவ்வளவு என்று முன்கூட்டியே விலை சொல்லும் சன்மானப் பணிகளை எடுத்துச் செய்வது இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்குப் பொருந்தும்.