பொண்டில் உங்களோடு கையெழுத்திட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

கேள்வி: இலங்கையில் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் தகுதிகாண் விரிவுரையாளராக இருந்தேன். 2016 ஜூலையில், படித்து முடித்து வந்து சேவை செய்வேன், தவறினால் பணம் கட்டுவேன் என்ற பொண்டில் கையெழுத்திட்டு, சம்பளத்துடனான கற்கை விடுமுறையில் கலாநிதிப் பட்டத்துக்காக மெல்பேர்ன் போனேன். அங்கே என் மேற்பார்வையாளர் இடையில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டதால் ஆய்வு ஒன்றரை வருடம் இழுபட்டது. 2020 செப்டெம்பரில் விடுமுறை முடிந்தபோது நீடிப்புக் கேட்டேன். பழைய கோபத்தை வைத்துக்கொண்டு துறைத் தலைவர் சிபாரிசு செய்யவில்லை. என்னோடு போன இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். கடைசியில் நான் பதவியை விட்டுப் போனதாகக் கருதுவதாகக் கடிதம் வந்தது. 2021 இல் பட்டம் பெற்று இப்போது அங்கேயே கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய (போஸ்ட்டொக்) ஆய்வாளராக இருக்கிறேன். போன மாதம் வட்டியோடு 58 இலட்சம் ரூபா கேட்டு எனக்கும், எனக்குப் பிணை நின்ற சித்தப்பாவுக்கும், அதே பல்கலைக்கழகத்தில் இன்னும் வேலை செய்யும் தோழிக்கும் கடிதம் வந்திருக்கிறது. என் வாழ்க்கையைக் குழப்பியவர்களுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? அவர்கள் மீது நான் வழக்குப் போட முடியாதா?
(விடுமுறையில் வெள்ளவத்தை வந்திருக்கும் வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி மேற்பார்வையாளரையும் துறைத் தலைவரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பிணை நின்ற இருவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான். வழக்கு என்று வந்தால் அந்த ஒரு வரிதான் வழக்கு.

துறைத் தலைவரை முதலில் ஒதுக்கிவிடுவோம். இன்னொருவருக்குக் கொடுத்த நீடிப்பை உங்களுக்கு மறுத்தது பாரபட்சமாக இருக்கலாம். ஆனால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். உங்களுக்கு அந்த ஒரு மாதம் முடிந்து வருடங்கள் ஆகின்றன. பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை என்று ஒன்று இருப்பதையும் அப்போது யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. மெல்பேர்ன் மேற்பார்வையாளர் மாறிப் போனது உங்கள் துரதிர்ஷ்டம். இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. “பதவியை விட்டுப் போனதாகச் சொன்னது அவர்கள்தானே, அதோடு ஒப்பந்தமும் முடிந்ததுதானே” என்று சிலர் கேட்பார்கள். இல்லை. பொண்டின் பணப் பொறுப்பு உயிர்பெறுவதே அந்த இடத்தில்தான். பொண்ட் அடிமைச் சாசனம் என்ற வாதமும் வேண்டாம். பொதுப் பணத்தில் படித்துவிட்டு வந்து சேவை செய்கிறேன் என்று ஒரு விரிவுரையாளர் வாசித்து இட்ட கையெழுத்து அது. எந்த நீதிபதியிடமும் அந்த வாதம் எடுபடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் பொண்டின் நகல் உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. எடுத்துப் பாருங்கள். பிணையாளர்களுக்கான பந்தியில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, “கூட்டாகவும் தனித்தனியாகவும்” பொறுப்பு என்ற சொற்கள். மற்றது, பிணையாளருக்குச் சட்டம் தரும் சலுகைகளைக் கைவிடுவதாகச் சொல்லும் வரி. நம் நாட்டில் இந்த விஷயத்தை ஆள்வது ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டம். முதலில் கடனாளியைப் பிடியுங்கள், அவரிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள் என்று சொல்லும் உரிமையைப் பிணை நின்றவருக்கு அது கொடுக்கிறது. இரண்டு பிணையாளர் இருந்தால் என் பங்கை மட்டும் கேளுங்கள் என்று சொல்லும் உரிமையும் உண்டு. நான் பார்த்த பொண்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டும் ஒரே வரியில் கைவிடப்பட்டிருக்கும். அப்படி எழுதியிருந்தால் பல்கலைக்கழகம் மெல்பேர்னில் உங்களைத் தேடி அலையத் தேவையில்லை. வெள்ளவத்தையில் சித்தப்பாவின் வீட்டு வாசலில் நின்று முழுத் தொகையையும் கேட்கலாம்.

அடுத்தது திகதி. கடிதம் ஏன் இப்போது வந்தது என்று யோசித்தீர்களா? காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி எழுத்து மூல ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 6 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். விடுமுறை 2020 செப்டெம்பரில் முடிந்தது என்றால் 2026 செப்டெம்பர். 5 ஆம் பிரிவு பொண்டுகளைத் தனியாகச் சொல்லி 10 வருடம் கொடுக்கிறது. உங்கள் ஆவணம் எந்தப் பிரிவுக்குள் விழும், எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதெல்லாம் வாதாட வேண்டியவை. கோவிட் காலத்தில் தவறிய கால எல்லைகளுக்கென்று வந்த 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டத்தையும் யாராவது மேசையில் வைப்பார்கள். அதனால் செப்டெம்பர் தாண்டினால் தப்பிவிடலாம் என்று கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆனால் திகதி உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு. அதைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கெடுத்துக்கொள்வது எப்படி என்பதை என்னிடம் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்களிடமிருந்துதான் கற்றேன். படித்தவர்கள் கடிதம் எழுதாமல் இருக்க மாட்டார்கள். கோரிக்கைக் கடிதம் வந்த இரவே பதிவாளருக்கு நீண்ட மின்னஞ்சல் போகும்: “இந்தக் கடனை நான் மறுக்கவில்லை, ஆனால் என் நிலைமையைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள்...” கடன் காலாவதியாகும் தறுவாயில் இருந்தாலும், கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் கணக்குப் புதிதாகத் தொடங்கும். மின்னஞ்சல்தானே என்று நினைக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு அதுவும் எழுத்துதான். நல்லெண்ணம் காட்ட மாதம் ஐம்பதாயிரம் அனுப்பத் தொடங்குவது இன்னும் மோசம். கடனின் ஒரு பகுதியைக் கட்டுகிறவர் கடனை ஒப்புக்கொள்கிறார். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் அதன் பிரதியை அப்படியே கொண்டுவாருங்கள், அழிக்க வேண்டாம். இனி எழுதுவதெல்லாம் சட்டத்தரணி வழியாக, “உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்ற தலைப்போடு போகட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சித்தப்பாவின் மேசை லாச்சியில் இருக்கிறது. இது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. மருமகனோ பெறாமகளோ வெளிநாட்டிலிருந்து, “நீங்கள் பயப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வட்ஸ்அப்பில் சொல்வார்கள். ஓய்வுபெற்ற மனிதர் அழைப்பாணையை மடித்து லாச்சிக்குள் வைத்துவிடுவார். வழக்கு நாளில் புதுக்கடை நீதிமன்றத்தில் அவர் பெயரைக் கூப்பிடும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஒருதலைத் தீர்ப்பு விழும். தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள், வராமல்போனதற்கு நியாயமான காரணம் காட்டினால்தான் அதை நீக்கலாம். “பெறாமகள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்” என்பது அந்தக் காரணம் அல்ல. என்னிடம் வருகிறவர்களில் பலர், தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது காலாவதி, கோவிட், வட்டிக் கணக்கில் பிழை என்று எவ்வளவு நல்ல வாதம் இருந்தாலும் அதைச் சொல்ல இடமில்லை.

அதற்குப் பயந்து வீட்டை இப்போதே மகன் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதிவிடலாம் என்று யாராவது சித்தப்பாவுக்கு யோசனை சொல்வார்கள். கோரிக்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு எழுதும் உறுதி அது. கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த கைமாற்றம் என்று சொல்லி அதை உடைக்க ரோமன் டச்சுச் சட்டத்தில் தனி வழக்கே இருக்கிறது. வீடும் காப்பாற்றப்படாது, சித்தப்பாவின் நேர்மையும் கேள்விக்குள்ளாகும்.

தோழியின் நிலைமை வேறு விதம். அவர் அதே பல்கலைக்கழகத்தில் இன்னும் வேலை செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் ஒரு நாள் கற்கை விடுமுறை வேண்டும், பதவி உயர்வு வேண்டும். பணத்தை அவரிடம் அறவிடுவதற்கு முன்பே, நிர்வாகத்தின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டிய நிலைக்கு அவரை ஆளாக்கிவிட்டீர்கள். அவர் பணம் கட்டினால் சட்டப்படி அதை உங்களிடமிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் உங்கள் மீது வழக்குப் போட அவர் மெல்பேர்ன் வரமாட்டார், சித்தப்பாவும் வரமாட்டார். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டியதை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியவராகத்தான் நீங்கள் இருப்பீர்கள்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். முழுத் தொகைக்கு என்று சொல்லவில்லை. சம்பளம் எவ்வளவு, விமானச் சீட்டு எவ்வளவு, வட்டி எந்த வீதத்தில் எந்த நாளிலிருந்து என்று நிதியாளரிடம் கணக்கு விபரம் கேளுங்கள். போவதற்கு முன் செய்த சேவையைக் கழித்தார்களா என்று பாருங்கள். 2020 செப்டெம்பரில் மெல்பேர்ன் முடக்கத்தில் இருந்தது. கட்டுநாயக்க விமான நிலையம் வழமையான பயணிகளுக்குத் திறந்தது 2021 ஜனவரியில்தான். நீங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்ட இதுதான் உங்களிடம் இருக்கும் நல்ல பதில். அதற்குப் பிறகும் வராததை இது மன்னிக்காது, ஆனால் அந்த மாதங்களுக்கான வட்டியைக் கேள்விக்குட்படுத்தும். நாடு திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், மீதிச் சேவைக் காலத்தை வேறொரு அரச பல்கலைக்கழகத்தில் செய்ய அனுமதிப்பார்களா என்றும் அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். தீராத பொண்டோடு இங்கே விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிப்பது வீண் வேலை.

இன்னொரு கணக்கு. நீங்கள் கடன்பட்டது ரூபாவில், உழைப்பது டொலரில். 2016 இல் ஓர் ஆஸ்திரேலிய டொலர் 110 ரூபாவை ஒட்டி இருந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு அது அதன் இரு மடங்குக்குக் கிட்டப் போய்விட்டது. 58 இலட்சம் என்பது அந்த வீதத்தில் 26,000 முதல் 30,000 டொலர் வரை, ஒரு போஸ்ட்டொக் ஆய்வாளரின் ஆண்டுச் சம்பளத்தில் சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. தவணை கேட்டால் மூன்று வருடத்தில் முடியும். ரூபா எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது, வட்டி எந்தப் பக்கம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சமரச எழுத்தில் ஒரு வரி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்: முதல் தவணை கட்டிய நாளிலிருந்து, அது முடியாவிட்டால் கடைசித் தவணையோடு, இரண்டு பிணையாளர்களும் விடுவிக்கப்படுகிறார்கள் என்பது. பல்கலைக்கழகப் பேரவையின் ஒப்புதல் கிடைத்ததற்கு எழுத்தில் ஆதாரம் வாங்குங்கள். பதிவாளர் தொலைபேசியில் “அதெல்லாம் பிரச்சினை இல்லை” என்று சொன்னது போதாது.

விமானம் ஏறுவதற்கு முன் இங்கே நம்பகமான ஒருவருக்கு, உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள். சித்தப்பாவையும் தோழியையும் உங்களோடு என் அலுவலகத்துக்கு அழைத்து வர வேண்டாம். அவர்கள் வேறு சட்டத்தரணியைப் பார்க்கட்டும், அதற்கான கட்டணத்தை நீங்கள் கொடுங்கள். முதலில் அவளைப் பிடியுங்கள் என்று சொல்வது அவர்களுக்கு நல்ல வாதமாக இருக்கலாம், உங்களுக்காக ஆஜராகும் நான் அவர்களுக்காக அதைச் சொல்ல முடியாது.