நான்கு அணிக்கோவைகளும் பூச்சியமானால்…

கேள்வி: மூன்று மாறிகள், மூன்று சமன்பாடுகள். கிராமரின் விதிப்படி கண்ட நான்கு அணிக்கோவைகளும் (கெழுக்களின் அணிக்கோவையும், அதன் ஒவ்வொரு நிரலுக்கும் பதிலாக மாறிலிகளை இட்டு எழுதும் மூன்றும்) பூச்சியம். ‘எண்ணற்ற தீர்வுகள்’ என்று எழுதினேன், தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: இந்த மூன்று நிரைகளைப் பாருங்கள், கோட்டுக்கு இடப்புறம் கெழுக்கள், வலப்புறம் மாறிலி: (1, 1, 1 | 1), (1, 1, 1 | 2), (1, 1, 1 | 5). எந்த அணிக்கோவையை எழுதினாலும் இரண்டு நிரல்கள் ஒன்றாகவே இருக்கும், நான்கும் பூச்சியம். ஆனால் அதே மூன்று எண்களின் கூடுதல் 1 ஆகவும் 2 ஆகவும் இருக்க முடியுமா? இவை மூன்று இணைதளங்கள், தீர்வே கிடையாது.

ஆகவே நான்கும் பூச்சியமானதும் கெழு அணியில் பூச்சியமாகாத 2×2 சிற்றணிக்கோவை (இரண்டு நிரைகள், இரண்டு நிரல்களை மட்டும் எடுத்து எழுதுவது) ஒன்றாவது உண்டா என்று தேடுங்கள். இருந்தால் கெழு அணியின் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை, 2. மாறிலி நிரலையும் சேர்த்து விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரமும் 2ஐத் தாண்டாது என்பதால் உங்கள் விடை சரி. இல்லாவிட்டால் கெழு அணியின் தரம் 1தான். அப்போது நான்கும் எப்படியும் பூச்சியமாகும். அதிலிருந்து எதுவும் தெரியாது. மாறிலிகளும் கெழுக்களின் விகிதத்திலேயே இருந்தால்தான் தீர்வு உண்டு. கெழுக்களின் அணிக்கோவை பூச்சியமாகி, மற்ற மூன்றில் ஒன்றாவது பூச்சியமாகாவிட்டால் தீர்வு இல்லை. அதில் குழப்பமே இல்லை.

கேள்வி: (1, 2, 1 | 3), (2, 5, 4 | 8), (1, 3, க | ம). க, ம மதிப்புகளைப் பொறுத்து எத்தனை தீர்வுகள்?

பதில்: இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் இரு மடங்கைக் கழித்தால் (0, 1, 2 | 2). மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் (0, 1, க−1 | ம−3). இவற்றின் வித்தியாசம் (0, 0, க−3 | ம−5). கீழே போகப்போக நிரையின் முன்னால் பூச்சியங்கள் கூடும் இந்த ஏறுபடி வடிவத்தின் கடைசி நிரைதான் விடை சொல்கிறது. க = 3 இல்லையென்றால், ம எதுவானாலும் ஒரே தீர்வு. க = 3, ம = 5 என்றால் எண்ணற்ற தீர்வுகள்: மூன்றாம் மாறி த எனில் இரண்டாவது 2 − 2த, முதலாவது 3த − 1. க = 3 ஆகி ம = 5 இல்லையென்றால் தீர்வு இல்லை. பலர் சறுக்குவது க−3 ஆல் வகுக்கும்போதுதான். அது பூச்சியமாகும் நிலையைத் தனியே எழுதாமல் வகுக்கவே கூடாது.

கேள்வி: பின்னத்தைத் தசமமாக்கிக் கணக்கிடலாமா?

பதில்: வேண்டாம். (1/3, 1 | 1), (1, 3 | 3) இரண்டும் ஒரே கோடு, எண்ணற்ற தீர்வுகள். 1/3ஐ 0.333 என்று எழுதினால் அணிக்கோவை −0.001 ஆகி, 0, 1 என்ற ஒற்றைத் தீர்வு வந்து நிற்கும்.